கல்லும் பட்டியும்

ஐப்பசி பிறந்து நாலைந்து நாளில் அக்டோபர் 21 வந்துவிடும். குளத்தூர்க் கரிசலில் அது விதைப்புக் காலம். ஒரு மழை நன்றாக இறங்கியிருந்தால் உளுந்தும் பாசியும் மண்ணுக்குள் போயிருக்கும். இறங்காவிட்டால் விதையைக் கடகப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிழக்கே பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். அதே நாள் காலையில் மாவட்டத் தலைநகரங்களின் ஆயுதப்படை மைதானங்களில் காக்கி உடுப்புகள் வரிசைகட்டி நிற்கும். காவலர் நீத்தார் நினைவு நாள் என்றும் வீரவணக்க நாள் என்றும் அதற்குப் பெயர்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊரில் ஓய்வு பெற்று இருக்கும் ஓர் ஏட்டையாவுடன் அப்படி ஒரு மைதானத்துக்குப் போயிருந்தேன். வெளியே எடுக்காமலே வைத்திருந்த தன் பழைய பிரவுன் ஷூவுக்கு அவர் முந்தின நாள் இரவே பாலிஷ் போட்டிருந்தார். நினைவுத் தூணுக்கு முன்னால் வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு. ஒரு பக்கம் ஷாமியானா, அதன் அடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இறந்தவர்களின் குடும்பத்தார். பள்ளிச் சீருடையிலேயே வந்திருந்த ஒரு சிறுமியின் மடியில் புத்தகப் பை இருந்தது. விழா முடிந்ததும் நேரே வகுப்புக்குப் போகும் எண்ணம் போல. எஸ்.பி. மலர் வளையம் வைத்தார். காவலர்கள் துப்பாக்கியின் வாயைத் தரைக்குத் திருப்பி, கட்டையின் மேல் இரண்டு கைகளையும் வைத்துத் தலை குனிந்து நின்றார்கள். வானத்தை நோக்கிக் குண்டு முழங்கியபோது அந்தச் சிறுமி பையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு அந்த ஆண்டில் நாடு முழுதும் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார்கள்.

திரும்பும் வழியில் ஏட்டையா பேசவே இல்லை. வேப்பலோடை தாண்டி உப்பளம் கண்ணில் பட்டதும் சொன்னார்: "தம்பி, பேரச் சொல்லுதாங்க, ஊரச் சொல்லலையே. எந்த ஊருக்காரன், என்ன செய்யும்போது செத்தான்னு தெரியாம எப்படிய்யா கும்பிடுதது?"

இந்தக் கட்டுரை அவர் கேட்ட கேள்விக்காக எழுதுவது. கடமையில் உயிர்விட்ட காவலருக்கு நாம் செய்யும் மரியாதையில் எது இருக்கிறது, எது விட்டுப்போகிறது?

நாடு முழுதும் ஒரே நாளில் நினைவு கூர்வது என்ற வழக்கம் லடாக்கில் தொடங்கியது. 1959 அக்டோபரில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்திலிருந்து எல்லையைப் பார்த்துவரப் போன காவலர்களில் ஒரு குழு திரும்பவில்லை. அவர்களைத் தேடி மறுநாள், 21ஆம் தேதி, கரம் சிங் தலைமையில் போனவர்கள் மீது சீனப் படை சுட்டது. மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 10 பேர் இறந்தார்கள். உடல்கள் நவம்பர் 13ஆம் தேதிதான் கைக்கு வந்தன. அந்தப் பனிமலையிலேயே தகனம் நடந்தது. 1960 ஜனவரியில் கூடிய மாநிலக் காவல் தலைவர்கள் மாநாடு அந்தத் தேதியை நினைவு நாளாக்கியது. 2018இல் அதே தேதியில் டெல்லி சாணக்கியபுரியில் தேசியக் காவலர் நினைவிடம் திறக்கப்பட்டது. 30 அடி உயரம், 238 டன் எடை கொண்ட ஒரே கருங்கல் அங்கே நிற்கிறது. சுற்றிலும் உள்ள சுவரில் சுதந்திரத்துக்குப் பிறகு பணியில் இறந்த 34,844 பேரின் பெயர்களைப் பொறித்துத் திறந்தார்கள். ஆண்டுதோறும் சேர்த்துக்கொண்டு வருகிறார்கள்.

அந்தக் கல்லை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அத்தனை பெயர் ஓரிடத்தில் இருப்பதைப் பார்க்கும்போதுதான் இந்த வேலை எத்தனை உயிரை வாங்கியிருக்கிறது என்று நெஞ்சில் உறைக்கும். ஆனால் டெல்லிக் கல்லுக்கு முன்னால் நிற்க எங்கள் பக்கத்துத் தாய் ஒருத்தி இரண்டு நாள் ரயில் ஏற வேண்டும். ஏட்டையா சொன்ன ஊரும் செயலும் அத்தனை பெரிய பட்டியலில் ஏற இடமில்லை.

தமிழ் மண்ணுக்கு இந்தக் கலை புதிதில்லை. ஆநிரையைக் கவர வந்தவர்களை எதிர்த்து மடிந்தவனுக்கு, ஊரைக் காத்து விழுந்தவனுக்குக் கல் நடுவது சங்க காலத்துக்கு முந்தியே இங்கே இருந்த வழக்கம். தொல்காப்பியம் அதைப் படிப்படியாகப் பிரிக்கிறது: கல்லைத் தேர்ந்து காண்பது, கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்கள் தமிழ் பிராமி எழுத்தில் உள்ளவை. அவற்றில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் இறந்தவனின் பெயரைச் சொல்கிறது. இறந்தவன் பெயர், நடந்த இடம், நடந்த செயல் மூன்றும் ஒரே கல்லில் அடங்கிவிட்டன. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் பல்லவன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காத்து மடிந்த வீரனோடு, அவனுடன் நின்று கள்வர் இருவரைக் கடித்த கோவிவன் என்ற நாயையும் பெயர் சொல்லிச் செதுக்கியிருக்கிறார்கள். நாயைக்கூட மறக்காத கல் அது.

கல்லோடு அந்த மரியாதை முடிந்துவிடவில்லை என்பதுதான் முக்கியம். விழுந்தவனின் வீட்டாருக்கு நிலம் விட்டார்கள். நெய்த்தோர்ப்பட்டி என்று கல்வெட்டுகள் அதைச் சொல்கின்றன. நெய்த்தோர் என்றால் குருதி. குருதிக்கு ஈடாக விட்ட நிலம். உதிரப்பட்டி என்றும் ரத்த மானியம் என்றும் பிற்காலத்தில் வழங்கிய பெயர்களுக்கும் இதே பொருள்தான். கல் ஊருக்கு, பட்டி குடும்பத்துக்கு. பல கல்வெட்டுகளில் இரண்டும் சேர்ந்தே வரும்: இன்னான் இன்ன இடத்தில் பட்டான், அவனுக்கு இன்ன நிலம் விட்டோம் என்று. கொடுத்ததை ஊரறியக் கல்லில் எழுதி வைத்ததால், பின்னால் வருகிறவன் இல்லை என்று சொல்ல முடியாது. தென்மாவட்டங்களில் பட்டவன் என்ற பெயரில் சாமி கும்பிடும் குடும்பங்கள் இன்றும் உண்டு. பட்டவன் என்றால் வெட்டுப்பட்டு விழுந்தவன்.

எங்கள் குளத்தூரும் காவலோடு பிறந்த ஊர். பாளையங்களில் ஒன்றாக இருந்தது. பாளையக்காரர்களுக்கு வருமானம் தந்த உரிமைகளில் பெரியது காவல் உரிமை. ஊர்க்காவலுக்கு ஸ்தலகாவல், வட்டாரக் காவலுக்குத் தேசகாவல் என்று தனித்தனியே தானியமும் பணமும் வாங்கினார்கள். திருட்டுப் போனால் காவல்காரன் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் ஈடு கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த உரிமை பல இடங்களில் மிரட்டி வாங்கும் வசூலாகக் கெட்டுப்போனதும் உண்மை. 1799இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பிறகு கம்பெனி பறித்த பாளையங்கள் பாஞ்சாலங்குறிச்சி, ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் ஆகிய ஆறு. அதன்பின் காவல் உரிமை மெல்ல மெல்லச் சர்க்கார் கைக்குப் போயிற்று. 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் சென்னை மாகாணத்துக்குச் சம்பளக் காவல் படையை உண்டாக்கியது. அந்தச் சட்டத்தின் நாளான செப்டம்பர் 6ஐக் காவலர் நாளாகக் கொண்டாடுவோம் என்று தமிழக அரசு 2025இல் அறிவித்தது.

அந்த மாற்றத்தில் ஒன்று அறுந்துபோனது. ஊர்க் காவல்காரன் ஊரின் ஆள். செத்தால் ஊர் கல் நடும். சர்க்கார் போலீஸ் வேறு எங்கிருந்தோ வந்தவர், யாருக்கோ பதில் சொல்கிறவர். அதிலும் கரிசல் பூமியின் வீரக் கதைகள் எல்லாவற்றிலும் சர்க்கார் எதிர்ப்பக்கம் நிற்கிறது. பாஞ்சாலங்குறிச்சியில் கம்பெனிப் படையின் கல்லறைகள் இருக்கின்றன, ஆனால் அங்கே போகிறவர்கள் தேடுவது கட்டபொம்மன் கோட்டையை. 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்ற கலெக்டர் ஆஷுக்குத் தூத்துக்குடியில் மண்டபம் கட்டினார்கள், ரயில் நிலையமோ வாஞ்சி மணியாச்சி ஆனது. ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி.யும் எட்டயபுரத்தில் பாரதியும் பிறந்த மண்ணில் போலீஸ் என்றால் பிடித்துக்கொண்டு போகிறவர் என்ற எண்ணம் மூன்று தலைமுறைக்கு ஊறியிருந்தது. விடுதலைக்குப் பிறகும் அந்தக் கசப்பு போகக் காவல்துறை வழிவிட்டதா என்றால், முழுதாக இல்லை. 1995இல் கொடியன்குளத்தில் போலீஸ் வீடு வீடாகப் புகுந்து நொறுக்கியதை அந்த வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை. இத்தனையும் தெரிந்துகொண்டுதான் காக்கிக்கு மரியாதை என்று பேசத் தொடங்க வேண்டும். தெரியாமல் பேசினால் கேட்கிறவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

*

எங்கள் தூத்துக்குடி மாவட்டம் பதினெட்டு மாத இடைவெளியில் இரண்டு சுப்பிரமணியன்களை இழந்தது.

முதலாமவர் கயத்தாறு பக்கம் சவலாப்பேரிக்காரர். அசல் கரிசல் பிள்ளை. மத்திய ரிசர்வ் போலீஸ் படையில் இருந்தார். 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் வெடிமருந்து ஏற்றிய வண்டி மோதி இறந்த 40 பேரில் தமிழகத்தவர் இருவர். அரியலூர் மாவட்டம் கார்குடி சிவச்சந்திரன் ஒருவர், இவர் மற்றவர். கூட்டம் தாங்காத சவலாப்பேரியில் அவரை அடக்கம் செய்தார்கள். விடுப்பில் வந்துவிட்டுத் திரும்பியவர். இந்தப் பகுதியில் மானாவாரி வெள்ளாமை கைவிடுகிற வீடுகளில் பையன்களுக்கு இருக்கும் வழிகள் கொஞ்சம்: சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி, பட்டாசு; தூத்துக்குடி உப்பளம்; இல்லையென்றால் உடல் தேர்வு. விடியற்காலை நாலு மணிக்கு நாலுவழிச் சாலை ஓரத்தில் ஓடிப் பழகும் பிள்ளைகளைக் கோவில்பட்டியைக் கடக்கிற எவரும் பார்த்திருப்பார்கள். அவர்களில் ஒருவராக ஓடியவர்தான் பனிமலைப் பாதையில் முடிந்தார்.

இரண்டாமவர் ஏரல் பக்கம் பண்டாரவிளைக்காரர், ஆழ்வார்திருநகரி காவல் நிலையக் காவலர். 2020 ஆகஸ்ட் 18. ஸ்ரீவைகுண்டம் பகுதி இரட்டைக் கொலை வழக்கில் தேடப்பட்ட துரைமுத்து, வல்லநாட்டுக்கு அருகே மணக்கரைக் காட்டில் ஒளிந்திருக்கிறான் என்று தகவல். தனிப்படை போனது. அவன் ஓட, இவர்கள் துரத்தினார்கள். நெருங்கிப் பிடிக்கும்போது அவன் வீசிய நாட்டு வெடிகுண்டு சுப்பிரமணியனின் தலையில் வெடித்தது. அவர் அங்கேயே இறந்தார். அதே வெடியில் காயம்பட்ட துரைமுத்துவும் இறந்தான். பண்டாரவிளைக்கு அன்றைய டி.ஜி.பி. திரிபாதி நேரில் வந்தார். மாநிலத்தின் பெரிய அதிகாரி ஒரு காவலரின் ஊர்ச் சுடுகாட்டு வழியில் நடப்பது பெரிய விஷயம். வீட்டில் இளம் மனைவி, கைக்குழந்தை.

அந்த ஈரம் காய்வதற்குள் அடுத்தது. 2021 ஜனவரி 31 நள்ளிரவு தாண்டிய வேளையில், ஏரல் காவல் உதவி ஆய்வாளர் பாலு ரோந்தில் இருந்தார். குடித்துவிட்டுத் தகராறு செய்ததைக் கண்டித்த கோபத்தில் ஒருவன் லோடு வண்டியை அவர் போன இருசக்கர வாகனத்தின் மேல் ஏற்றினான். பாலு இறந்தார், கூடப் போன காவலர் காயத்தோடு தப்பினார். இங்கே கொலைக்குத் திட்டமோ கும்பலோ இல்லை. வீட்டுக்குப் போ என்று சொன்ன ஒரு வார்த்தை, ஓர் உயிர்.

சுற்றி இன்னும் பார்த்தால், 2010 ஜனவரி 7இல் ஆழ்வார்குறிச்சி எஸ்.ஐ. வெற்றிவேல் அம்பாசமுத்திரம் பக்கம் வெட்டப்பட்டு ரோட்டில் கிடந்தார். வேறு ஒருவர் என்று நினைத்து அவரைத் தாக்கினார்கள். அந்த வழியே அமைச்சர்களின் வாகனங்கள் வந்து நின்றதையும், அவரைத் தூக்கி அனுப்பத் தாமதமானதையும் நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. செத்த பிறகு போடும் மாலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தப் படம் நினைவுக்கு வருகிறது. உயிரோடு கிடந்தவரை ஓடிப்போய் மடியில் ஏந்துவதைவிடப் பெரிய மரியாதை எதுவும் இல்லை.

2017 டிசம்பர் 13இல் ராஜஸ்தானில் இறந்த மதுரவாயல் ஆய்வாளர் பெரியபாண்டியன் சங்கரன்கோவில் பக்கம் மூவிருந்தாளி ஊர்க்காரர். கோவில்பட்டிக்கு மேற்கே விரியும் அதே வறட்டு மண். சொந்த ஊரில் அரசுப் பள்ளிக்கூடத்துக்குத் தன் நிலத்தைக் கொடுத்தவர். சென்னை நகைக்கடைக் கொள்ளையர்களைத் தேடிப் பாலி மாவட்டம் வரை போனவர். கொள்ளையர் சுட்டதில் இறந்தார் என்றுதான் முதலில் செய்தி வந்தது. கூடப் போன ஆய்வாளரின் துப்பாக்கியிலிருந்து தவறுதலாகப் பாய்ந்த குண்டு என்று ராஜஸ்தான் போலீஸ் விசாரணை பிறகு சொன்னது. அந்தச் செய்தி வந்தபோது நிறையப் பேர் சங்கடப்பட்டார்கள், வீரமரணம் என்ற சொல்லைத் திருப்பி வாங்க வேண்டுமோ என்பதுபோல. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரியாத ஊரில், தெரியாத மொழியில், இருட்டில் ஒரு மறைவிடத்துக்குள் நுழைந்தவரின் துணிச்சலை யார் துப்பாக்கி வெடித்தது என்பது எப்படிக் குறைக்கும்? பழைய நடுகல் மிகையாக எதையும் சொல்வதில்லை. நடந்தது எதுவோ அதுதான் அதில் இருக்கும். மரியாதைக்குப் பொய் தேவைப்பட்டால் அந்த மரியாதையில்தான் கோளாறு.

*

இனி பட்டி. அதாவது குடும்பத்துக்குப் போய்ச் சேர்வது.

பெரியபாண்டியன் குடும்பத்துக்கு அரசு அறிவித்தது 1 கோடி ரூபாய். சவலாப்பேரி சுப்பிரமணியனுக்கு, மத்திய அரசு தருவது நீங்கலாக, மாநில அரசு 20 லட்சம். 2020 ஜனவரி 8இல் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் சுட்டுக் கொல்லப்பட்ட சிறப்பு எஸ்.ஐ. வில்சனுக்கு 1 கோடி. அதே ஆண்டு ஆகஸ்டில் பண்டாரவிளை சுப்பிரமணியனுக்கு 50 லட்சம். பாலுவுக்கும் 50 லட்சம். 2021 நவம்பரில் ஆடு திருடர்களைத் தனியாக பைக்கில் விரட்டிப் போய்க் கீரனூர் அருகே வெட்டுப்பட்டு இறந்த நவல்பட்டு சிறப்பு எஸ்.ஐ. பூமிநாதனுக்கு 1 கோடி. பல குடும்பங்களுக்கு வேலையும் அறிவிக்கப்பட்டது. எந்தத் தொகையும் தப்பில்லை, எதுவும் அதிகமில்லை. ஆனால் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது எந்த அளவுகோலால் அளந்தார்கள் என்பது பிடிபடவில்லை. துப்பாக்கிக்கு ஒன்று, நாட்டு வெடிகுண்டுக்கு ஒன்று, லோடு வண்டிக்கு ஒன்று என்றா? காவலருக்கும் ஆய்வாளருக்கும் வீட்டில் ஒரே மாதிரிதான் அடுப்பு எரிகிறது. முதலமைச்சர் பெயரில் வரும் அறிவிப்பாக இல்லாமல் சட்டத்தில் எழுதிய உரிமையாக இந்தத் தொகை இருக்க வேண்டும். யார் செத்தாலும், எந்த ஊரில் செத்தாலும், அன்றைக்குத் தொலைக்காட்சி வந்தாலும் வராவிட்டாலும் ஒரே தொகை.

பணம் வருகிறது என்பதோடு பேச்சு முடிவதில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அந்த வீட்டுப் பெண் ஒரு மஞ்சள் பையோடு கிளம்புவாள். இறப்புச் சான்றிதழ், தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ், பணிப்பதிவேட்டின் நகல், வங்கிக் கணக்கு, கருணை அடிப்படையில் வேலைக்கு மனு. மூன்று வருடத்துக்குள் அந்த மனு போய்ச் சேர வேண்டும். கைக்குழந்தை வைத்திருப்பவள் வேலைக்குப் போவதா, மகன் வளரட்டும் என்று விடுவதா என்பதை அழுது முடிப்பதற்குள் தீர்மானிக்க வேண்டும். விட்டால் விதி ஒத்துக்கொள்ளாது. காவலர் குடியிருப்பு லைன் வீட்டில் இருந்தால் அதைக் காலி செய்ய வேண்டிய நாளும் வரும். மாமனார் வீடா, அம்மா வீடா என்ற பஞ்சாயத்து, பணம் யார் பெயரில் என்ற பஞ்சாயத்து. குண்டு முழக்கத்தில் நின்ற உறவுகள் இதில் எத்தனை பேர் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அங்கே துணைக்கு நிற்பது யாரென்றால், பெரும்பாலும் பேட்ச் ஆட்கள். ஒரே வருடத்தில் பணியில் சேர்ந்து ஒரே மைதானத்தில் பயிற்சி எடுத்த காவலர்கள் வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். தங்களில் ஒருவர் இறந்தால் ஆளுக்கு 500, 1,000 என்று போட்டு, சில நாளில் லட்சக்கணக்கில் சேர்த்து, குழந்தைகளின் பெயரில் டெபாசிட் செய்து, ரசீதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். கொலையா, விபத்தா, நோயா என்று அவர்கள் பார்ப்பதில்லை. மாதக் கடைசியில் டீக்கடைக்குக் கணக்கு வைத்திருக்கும் ஆட்கள் இவர்கள். என் கண்ணுக்கு இன்றைய நெய்த்தோர்ப்பட்டி இதுதான்.

பேட்ச் ஆட்கள் பிரித்துப் பார்க்காததை நாம் மட்டும் ஏன் பிரிக்கிறோம்? கத்தியில் செத்தவர் வீரர், மற்றவர் வெறும் இறந்தவர் என்ற கணக்கு எனக்கு ஒப்பவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேம்பாருக்கும் தருவைகுளத்துக்கும் நடுவே இரவு ரோந்து எப்படி இருக்கும் என்று அந்த வழி போகிறவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் உடைமரக் காடு, ஒரு பக்கம் கடல். பீடி இலை மூட்டையும் மஞ்சள் மூட்டையும் இலங்கைக்குப் படகேறும் கரை அது. விளக்கில்லாமல் நிற்கும் லாரியில் மோதி விழுகிற காவலரும், தொடர்ந்து பந்தோபஸ்து பார்த்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறவரும் அதே டூட்டியில்தான் இறக்கிறார்கள். கரோனா நாட்களில் சாவடியில் நின்று நோய் வாங்கி இறந்தவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 2021இல்தான் காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்று அரசாணை வந்தது. பூமிநாதன் இறந்த பிறகுதான், ரோந்து போகிறவர்கள் துப்பாக்கி கொண்டு போங்கள் என்று அன்றைய டி.ஜி.பி. சைலேந்திரபாபு சொன்னார். இரவு ரோந்துக்கு இரண்டாவது ஆளை அனுப்புவது, தலைக்கவசம், குண்டு துளைக்காத உடுப்பு, தூக்கம் ஆகியவற்றையும் நான் மரியாதைக் கணக்கில்தான் எழுதுவேன். அடுத்த பெயர் சுவரில் ஏறாமல் இருக்க அவைதான் வழி.

சொல் பற்றியும் ஒரு தகராறு உண்டு. தியாகி என்று அரசே அறிவிக்க வேண்டும் என்று துணை ராணுவக் குடும்பங்கள் பல ஆண்டாகக் கேட்கின்றன. ராணுவத்துக்கும் சரி, போலீஸ் படைகளுக்கும் சரி, அப்படி ஒரு சொல் விதிகளில் கிடையாது என்று மத்திய அரசு 2017இல் தகவல் ஆணையத்திடமே சொல்லிவிட்டது. சொல்லுக்காக இத்தனை ஏக்கம் ஏன் என்று கேட்கலாம். படைவீரருக்குக் கிடைக்கும் ஓய்வூதியமும் சலுகைகளும் தங்களுக்கும் வேண்டும் என்பதைத்தான் அந்தக் குடும்பங்கள் இந்தச் சொல்லுக்குள் வைத்துக் கேட்கின்றன.

*

இப்போது சொல்லக் கூச்சமான பகுதி. சொல்லாமல் போனால் இதுவரை எழுதியது நிற்காது.

பண்டாரவிளையில் குண்டு முழங்கியது 2020 ஆகஸ்டில். அதற்கு இரண்டு மாதம் முன்னால், ஜூன் 22, 23 தேதிகளில், இதே மாவட்டத்துச் சாத்தான்குளத்தில் காவல் நிலையத்தில் அடிபட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் இறந்தார்கள். அதற்கும் இரண்டு வருடம் முன்பு, 2018 மே 22இல், தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்பு ஊர்வலத்தின்மீது போலீஸ் சுட்டது. அந்த நாட்களின் துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர் போனது. ஒரே காக்கி. சுப்பிரமணியனுக்கு அழுதபோது எங்கள் மாவட்டத்தில் நிறையப் பேருக்குத் தொண்டையில் ஏதோ அடைத்தது. அழலாமா என்று கேட்டுக்கொண்டே அழுதார்கள்.

என் தீர்ப்பு இது. அவருடைய சாவைக் காட்டிச் சாத்தான்குளத்தைக் கழுவ முடியாது. சாத்தான்குளத்தைக் காட்டி அவருடைய சாவைச் சிறிதாக்கவும் முடியாது. உடுப்புக்கு மொத்தமாக மரியாதை என்று போனால் இரண்டு தவறும் நடக்கும். ஆளுக்கு, அவர் செய்த செயலுக்கு என்று போனால் இந்தக் குழப்பம் இல்லை. அந்த நிலையத்திலேயே வேலை பார்த்த தலைமைக் காவலர் ரேவதி, அன்றிரவு தான் கண்டதை மாஜிஸ்திரேட் முன் சொன்னாரே, அதுவும் கடமையில் உயிரைப் பணயம் வைத்ததுதான். உயிரோடு இருப்பதாலேயே அவரை நினைவு நாளில் யாரும் பேசுவதில்லை.

பழிவாங்குவதை மரியாதை என்று நினைப்பதும் தவறு. 2025 ஆகஸ்டில் உடுமலைப் பக்கம் குடிமங்கலத்தில் அப்பன் மகன் சண்டையை விலக்கப் போன சிறப்பு எஸ்.ஐ. சண்முகவேல் வெட்டிக் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்ட மகன்களில் ஒருவன் இரண்டு நாளுக்குள் போலீஸ் சுட்டு இறந்தான். தப்ப முயன்று தாக்கினான் என்றது போலீஸ். டீக்கடையில் கைதட்டியவர்களை நான் பார்த்தேன். சண்முகவேல் எந்தச் சட்டத்தின் பெயரால் அந்த வீட்டுக்குள் போனாரோ, அந்தச் சட்டத்தின்படி கூண்டில் நிறுத்தி, சாட்சி கேட்டு, தண்டனை வாங்கிக் கொடுத்தால் அதுவே அவருக்குச் செய்யும் கடன். சாட்சி சொல்லாமல் செத்தவன், நடந்தது என்ன என்பதையும் கொண்டுபோய்விடுகிறான்.

*

ஊரும் செயலும் பெயரும் சேர்ந்த நினைவு இன்றைய உலகில் எங்காவது இருக்கிறதா என்று தேடினால், எனக்குக் கிடைத்தது லண்டன். 1984 ஏப்ரல் 17இல் செயின்ட் ஜேம்ஸ் சதுக்கத்தில், லிபியத் தூதரகத்துக்குள்ளிருந்து வந்த குண்டு பட்டு இவோன் பிளெட்சர் என்ற இளம் பெண் காவலர் இறந்தார். மைக்கேல் வின்னர் என்ற திரைப்பட இயக்குநர் மனம் பொறுக்காமல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். காவலர் விழுந்த அதே இடத்தில் சிறியதாக ஒரு கல் நடுவது அதன் வேலை. முதல் கல் 1985 பிப்ரவரியில் அந்தச் சதுக்கத்தில் வந்தது. பிறகு பல ஊர்களில், தெரு ஓரங்களில், கடை வாசல்களில் நட்டார்கள். பால் வாங்கப் போகிறவனும் பள்ளிக்குப் போகிற பிள்ளையும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். நம் பாட்டன்கள் செய்ததை அவர்கள் அறியாமலே செய்திருக்கிறார்கள்.

சவலாப்பேரியில் பிப்ரவரி 14தோறும் மக்கள் கூடி மாலை போடுகிறார்கள். அந்த ஊர் தன் பிள்ளையைத் தானே வைத்துக்கொண்டது. மற்ற ஊர்களும் அரசை எதிர்பார்க்காமல் அதைச் செய்ய முடியும். இடைசெவலில் கி. ராஜநாராயணனுக்கு 2021 மே மாதம் காவல்துறை இறுதி மரியாதை செய்தபோது, ஒரு கதைசொல்லிக்காகக் கரிசலில் குண்டு முழங்கியது. அந்த மரியாதையைச் செய்த காவலர்களுக்கு ஊர் பதிலுக்குச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது.

ஏட்டையாவிடம் இதைச் சொன்னேன். அவர் வீட்டு முற்றத்தில் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. கல்லுக்கு எங்கே போவது என்று கேட்டார். கருங்கல் வேண்டாம், ஒரு மைல்கல் அளவு போதும் என்றேன். என்ன எழுதுவது என்று பேச்சு வந்தது. பேத்தியின் நோட்டில் ஒரு தாள் கிழித்துக் கொடுத்தார். மணக்கரைக்கு நான் எழுதியது இது:

2020 ஆகஸ்ட் 18. ஆழ்வார்திருநகரி நிலையக் காவலர், பண்டாரவிளை சுப்பிரமணியன், கொலை வழக்கில் தேடப்பட்டவனை இந்தக் காட்டில் துரத்திப் பிடிக்கையில் வெடிகுண்டு பட்டு இங்கே விழுந்தார்.

அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை வாசித்தார். பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, செயலும் இருக்கிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கி, அடியில் இரண்டு வரி அளவுக்குக் கோடு போட்டார்.

"இத வெறுமனே விடு தம்பி. அந்தப் புள்ளைக்கு என்ன குடுத்தோம்னு எழுதணும்லா."